புத்தகத்தைத் திறப்பதா, மூடுவதா?

வணக்கம் ஐயா. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். இறுதித் தேர்வைப் புத்தகம் பார்த்து எழுத விடலாம் என்கிறார்கள் சில சக ஆசிரியர்கள். அப்புறம் யாரும் படிக்கவே மாட்டார்கள் என்கிறார்கள் மற்றவர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் பாடத்தின் இறுதித் தேர்வுக்குப் புத்தகத்தைத் திறக்க விடுங்கள் என்றே சொல்வேன். ஆனால் பழைய கேள்வித்தாளை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். இரண்டு சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசம் தற்செயலானதா என்று பார்க்கும் டி-சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 'டி-சோதனைக்கான நிபந்தனைகளை எழுதுக' என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தையும் கொடுத்தால், யார் வேகமாகப் பக்கம் புரட்டுகிறார் என்பதுதான் தெரியவரும்.

அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள். மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அதே 20 பேரிடம் எடுத்த ரத்த அழுத்த அளவுகள் இருக்கின்றன. ஒருவர் அவற்றை இரண்டு தனித்தனிக் குழுக்களாக எண்ணி டி-சோதனை செய்து, மருந்தால் பலனில்லை என்கிறார். ஏற்கலாமா? ஒரே ஆளின் இரண்டு அளவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை, அதைக் கவனிக்காவிட்டால் உண்மையில் இருக்கும் வித்தியாசமும் கண்ணில் படாமல் போகலாம் என்பது மாணவருக்கு உறைக்க வேண்டும். சூத்திரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது.

படிக்க மாட்டார்கள் என்ற பயமும் நியாயமானதே. ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் சிலர் அதை மறுபடி படித்தார்கள், சிலர் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 42தான். புத்தகத்தை மூடி எழுதுவதே ஒரு படிப்பு. அதனால் பருவம் முழுக்க, குறைந்த மதிப்பெண்ணுக்குச் சின்னச் சின்ன மூடிய தேர்வுகள் வையுங்கள். அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் என்றால் என்னவென்றே தேடிப் பார்க்க வேண்டியவருக்கு, மேலே சொன்ன கேள்வி பாதியிலேயே கைநழுவிவிடும்.

எல்லாப் படிப்புக்கும் இதைச் சொல்லமாட்டேன். அவசர சிகிச்சை படிப்பவர் நோயாளி முன் புத்தகம் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. அவருக்கு மூடிய தேர்வுதான் சரி.

இன்னொன்று, இறுதித் தேர்வுக்கு முன் ஒரு மாதிரித் தேர்வு வைத்துவிடுங்கள். புத்தகம் கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் வருகிறவர்கள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணச்சீட்டு ஒட்டியிருந்தும் தேடுவதிலேயே நேரத்தைத் தொலைப்பார்கள். மதிப்பெண் போகாத இடத்தில் அது நடக்கட்டும்.