போரில் மூழ்கிய 'கெர்சொப்பா' சரக்குக் கப்பல்: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளியையும் ஏற்றிக்கொண்டு கல்கத்தாவிலிருந்து பிரிட்டனுக்குச் சென்றுகொண்டிருந்த 'கெர்சொப்பா' என்ற சரக்கு நீராவிக் கப்பல், 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்குத் தென்மேற்கே அட்லாண்டிக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு, வணிகக் கப்பல்களின் போர்க்கால வரலாற்றை நெடுநாளாகப் படித்து வரும் மூத்த நண்பர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி: ஐயா, 'கெர்சொப்பா'வை எல்லோரும் புதையல் கப்பல் என்றே எழுதுகிறார்கள். அது எத்தகைய கப்பல்?

பதில்: மிகச் சாதாரணமான சரக்குக் கப்பல். முதல் உலகப் போரில் இழந்த கப்பல்களை ஈடுகட்டுவதற்காக பிரிட்டிஷ் அரசு அவசரமாகக் கட்டச் சொன்ன கப்பல்களில் ஒன்றாக, 'வார் ரோபக்' என்ற பெயரில், வடகிழக்கு இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் இருந்த பால்மர்ஸ் தளத்தில் அது உருவாயிற்று. பணி நிறைவதற்குள் போர் முடிந்துவிட்டது. 1919-இல் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியிடம் வந்து சேர்ந்த அந்தக் கப்பலுக்கு, கர்நாடகத்தில் ஷராவதி ஆற்றங்கரையில் உள்ள ஊரின் பெயர் சூட்டப்பட்டது. நீளம் 399 அடி. மொத்தக் கொள்ளளவு 5,237 டன் (இது கப்பலின் உள்ளிட அளவு, சுமக்கும் எடை அல்ல). நிலக்கரியில் இயங்கும் நீராவி எந்திரம், ஒரே ஒரு உந்துசுழலி. புதையல் என்ற அடைமொழி, 2011-இல் கடலடியில் அது கண்டுபிடிக்கப்பட்ட பிறகு செய்தித்தாள்கள் ஒட்டியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் மூட்டை முடிச்சுகளைச் சுமந்து திரிந்த கப்பலுக்கு அது பொருந்தவில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: என் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பலில் மலாயாவுக்குப் போனவர். அதுவும் இதே கம்பெனியின் கப்பல்தானா?

பதில்: ஆம், அதே கம்பெனிதான். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' பயணிகள் கப்பல். போரிலிருந்து தப்பி 1970-களின் தொடக்கம் வரை ஓடியது.

கேள்வி: வெள்ளி ஏற்றியிருந்த செய்தி ஜெர்மானியருக்குக் கசிந்துதான் இந்தக் கப்பலைக் குறிவைத்தார்கள் என்று ஓர் இடத்தில் படித்தேன். உண்மையா?

பதில்: அப்படி ஒரு கசிவைக் கற்பனை செய்யத் தேவையே இல்லை. 1940 டிசம்பரில் கல்கத்தாவில் ஏற்றிய சுமார் 7,000 டன் சரக்கில் வார்ப்பிரும்பும் தேயிலையும் பொதுச் சரக்கும்தான் பெரும்பங்கு. வெள்ளி அதில் ஒரு சிறு பகுதி. துணைக்குக் காவல் கப்பல் இல்லாமல், மெதுவாக, தனியே வந்துகொண்டிருந்த ஒரு பிரிட்டிஷ் கப்பல் கண்ணில் பட்டால், உள்ளே இருப்பது வெள்ளியா சாக்குமூட்டையா என்று எந்த நீர்மூழ்கிக் கப்பல் தலைவனும் யோசித்துக்கொண்டிருக்க மாட்டான். கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கப்பல் ஏன் தனியே வந்தது என்பதுதான்.

கேள்வி: அதையே கேட்கிறேன் ஐயா. மற்றக் கப்பல்களோடு சேர்ந்து புறப்பட்டது பாதி வழியில் ஏன் பிரிய வேண்டும்? நான் மரைன் இன்ஜினியரிங் படிக்கும் மாணவன். சற்று விரிவாகவே சொல்லுங்கள்.

பதில்: மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபிரீடவுன் துறைமுகத்திலிருந்து பிரிட்டனுக்குச் செல்லும் கான்வாய்களில் (கூட்டாகச் செல்லும் கப்பல் அணிகளில்) ஒன்றான எஸ்.எல். 64-உடன் 'கெர்சொப்பா' 1941 ஜனவரி 30 அன்று புறப்பட்டது. கான்வாயின் வேகம் சுமார் 8 நாட். ஒரு மணி நேரத்துக்கு 8 கடல் மைல் என்றால் கேட்பதற்கு மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் கனத்த சரக்கோடு, குளிர்கால அட்லாண்டிக்கின் எதிர்க்காற்றிலும் எதிர் அலையிலும், வயதான ஒரு நீராவிக் கப்பல் அந்த வேகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமானால், அமைதியான கடலில் எரிப்பதைவிட மிகுதியான நிலக்கரியை உலையில் கொட்டியாக வேண்டும். அணியில் இடத்தைத் தக்கவைக்க எரிக்க எரிக்க, கரிக்கிடங்கு கணக்குக்கு முன்பே காலியாகிக்கொண்டு வந்தது.

நீங்கள் படித்திருப்பீர்கள்: ஒரு கப்பலுக்குத் தேவைப்படும் திறன், ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அமைதியான கடலில் 8 நாட் வேகத்தை 5 நாட்டாகக் குறைத்தால், மணிக்கு எரியும் நிலக்கரி கால் பங்காகவும், ஒரு மைலுக்கு எரியும் நிலக்கரி பாதிக்கும் கீழாகவும் இறங்கிவிடும். கையிருப்பை வைத்துக்கொண்டு கரை சேர ஒரே வழி வேகத்தைக் குறைப்பதுதான் என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரியும். ஆனால் ஒரு கப்பலுக்காக முழு அணியும் வேகத்தைக் குறைக்காது. குறைத்தால் எல்லாக் கப்பல்களுக்கும் ஆபத்து. எனவே பிப்ரவரி 14 அன்று 'கெர்சொப்பா' அணியிலிருந்து விலகி, நடுநிலை நாடான அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நோக்கி மெல்ல ஊர்ந்தது. கப்பல் தலைவர் ஜெரால்ட் ஹைலண்ட் எடுத்த முடிவைச் சிலர் குறை கூறுகிறார்கள். நடுக்கடலில் கரி தீர்ந்து எந்திரம் நின்றுபோன கப்பல் எந்தத் திசைக்கும் திருப்ப முடியாமல் மிதக்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: தாக்குதல் எப்படி நடந்தது? சில நூல்களில் பிப்ரவரி 16 என்றும் சிலவற்றில் 17 என்றும் இருக்கிறதே?

பதில்: இரண்டும் சரியே, கடிகாரம்தான் வேறு. கப்பலின் நேரப்படி 16-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் வேளை. ஜெர்மன் நேரப்படி நள்ளிரவு கடந்து 17 பிறந்துவிட்டது. 16-ஆம் தேதி காலையிலேயே ஜெர்மானியரின் நெடுந்தூர ஃபோக்கே-வுல்ஃப் வேவு விமானம் கப்பலின் மேலே வட்டமிட்டுச் சென்றது. அன்று மாலை எர்ன்ஸ்ட் மெங்கர்சென் தலைமையிலான யு-101 நீர்மூழ்கிக் கப்பல் அதைக் கண்டது. இரவில் டார்பிடோ ஒன்று வலப்புறத்தில், இரண்டாம் சரக்கறையில் பாய்ந்தது. வெடிப்பில் பாய்மரத் தூண் முறிந்து விழுந்தபோது, அதில் கட்டியிருந்த வானொலிக் கம்பியும் அறுந்தது. ஆகவே உதவி கேட்டு ஒரு சமிக்ஞை கூட அனுப்ப முடியவில்லை. சுமார் இருபது நிமிடங்களில் கப்பல் நீருக்குள் போய்விட்டது.

கேள்வி: எத்தனை பேர் தப்பினார்கள்?

பதில்: ஒருவர். இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் ஏர்ஸ்.

மூன்று உயிர்காப்புப் படகுகள் இறக்கப்பட்டன. மற்ற இரண்டையும் அதன்பின் யாரும் பார்க்கவில்லை. ஏர்ஸின் படகில் 31 பேர் இருந்தனர். வெப்பமண்டலத்துக்குப் பழகிய, கனத்த உடுப்பில்லாத மாலுமிகள் பலர் அதில் இருந்தார்கள். பிப்ரவரி மாத வட அட்லாண்டிக்கில் திறந்த படகில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தால் பசிக்கு முன்பே குளிர் ஆளைக் கொன்றுவிடும். பாய் விரித்துக் கிழக்கு நோக்கிச் செலுத்தியபடி, குடிநீரை அளந்து கொடுத்து, அது தீர்ந்ததும் மழைநீரை நம்பி, நாளுக்கு நாள் ஆட்களை இழந்துகொண்டே அவர்கள் பதின்மூன்று நாட்கள் கடலில் இருந்தார்கள். மார்ச் 1 அன்று தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில், லிசார்டு முனைக்கு அருகே படகு வந்து சேர்ந்தபோது உயிரோடு இருந்தவர்கள் மிகச் சிலரே. அந்தக் கரை பாறையும் முறியும் அலையுமாக இருக்கும். படகு கவிழ்ந்தது, கரை கண்ணெதிரே இருக்க, எஞ்சியவர்களும் அலையில் போனார்கள். குண்டுவீச்சுக்கு அஞ்சி நகரங்களிலிருந்து கிராமப்புறத்துக்கு அனுப்பப்பட்டிருந்த சிறுமிகள் சிலர் படகைப் பார்த்து ஆட்களை அழைத்ததால் ஏர்ஸ் மட்டும் பிழைத்தார். பிறகு அவர் மீண்டும் கடல் வேலைக்கே திரும்பினார்.

கேள்வி: கப்பலில் இருந்தவர்களில் இந்தியர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு நினைவிடம் எதுவும் உண்டா?

பதில்: கப்பலில் இருந்த எண்பதுக்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பான்மையினர் இந்திய மாலுமிகள், அன்றைய ஆங்கில வழக்கில் லஸ்கர்கள். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் ஊழியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இவர்களே. பிரிட்டிஷ் மாலுமியைவிட இவர்களுக்குச் சம்பளம் மிகக் குறைவு. போர் தொடங்கியதுமே, 1939-இல், பிரிட்டிஷ் துறைமுகங்களில் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். கரை ஒதுங்கிய உடல்களில் சில கார்ன்வாலின் லாண்டெவெட்னக் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டன. கல்லறையில்லாத இந்திய வணிக மாலுமிகள் சுமார் 6,000 பேரின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைத்துள்ள நினைவேடுகளில் இருக்கின்றன. லண்டனுக்குப் போகிறவர்கள், வணிக மாலுமிகளுக்கான டவர் ஹில் நினைவுச்சின்னத்தில் இவர்களைத் தேடி ஏமாற வேண்டாம்.

கேள்வி: வெள்ளியை எடுத்தவர்களுக்கே அது சொந்தமாகிவிடுமா?

பதில்: ஆகாது. போர்க்கால இடர்க் காப்பீட்டின்படி இழப்பை பிரிட்டிஷ் அரசு ஈடுசெய்துவிட்டதால், வெள்ளியின் உரிமை அரசுக்கே சென்றது. 2010-இல் ஒடிசி மரைன் எக்ஸ்ப்ளோரேஷன் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு அரசு ஒப்பந்தம் செய்தது: செலவு நிறுவனத்துடையது; செலவு போக எஞ்சும் மதிப்பில் 80 விழுக்காடு நிறுவனத்துக்கு, மீதி அரசுக்கு. 2011-இல் கப்பல் சுமார் 4,700 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. டைட்டானிக் கிடப்பதைவிட இது இன்னும் ஏறக்குறைய 900 மீட்டர் ஆழம். மனிதர் இறங்கும் இடமல்ல; எல்லா வேலையும் கம்பிவடத்தில் கட்டிய இயந்திரங்களால் செய்தது. 2012-இலும் 2013-இலும் சேர்த்து 2,792 வெள்ளிப் பாளங்கள், சுமார் 100 டன், மேலே வந்தன. ஒவ்வொரு பாளமும் ஏறத்தாழ 1,100 அவுன்ஸ், அதாவது முப்பத்து நான்கு கிலோ. இதில் ஒரு பகுதியை பிரிட்டனின் ராயல் மின்ட் நாணயமாக அடித்து விற்றது.

கேள்வி: கப்பலில் கடிதங்களும் கிடைத்தனவாமே? எழுபது ஆண்டு தண்ணீரில் காகிதம் எப்படி நிலைத்தது?

பதில்: வெள்ளியைவிட எனக்கு வியப்பளித்தது இதுதான். எழுநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் மீட்கப்பட்டன. அஞ்சல் பைகள் மற்றச் சரக்கின் அடியில் நெருக்கி அமுங்கி, மேலே வண்டலும் படிந்துவிட்டதால், வெளிச்சமும் ஆக்சிஜனும் அண்டவில்லை. கடலடியின் குளிரும் சேர்ந்து, காகிதத்தைத் தின்னும் உயிர்கள் வேலை செய்ய முடியாமல் போயிற்று. ஈரக் கட்டியாக வெளிவந்த கடிதங்களைத் தாள் தாளாகப் பிரித்து உலர்த்தினார்கள். 2018-இல் லண்டன் அஞ்சல் அருங்காட்சியகம் அவற்றில் சிலவற்றைக் காட்சிக்கு வைத்தது.

கேள்வி: இதைப் போல இந்தியாவிலிருந்து வெள்ளியோடு சென்று மூழ்கிய வேறு கப்பல் உண்டா?

பதில்: 'சிட்டி ஆஃப் கெய்ரோ'. பம்பாயிலிருந்து சுமார் 100 டன் வெள்ளி நாணயங்களோடும் பயணிகளோடும் சென்றபோது, 1942 நவம்பர் 6 அன்று தென் அட்லாண்டிக்கில், செயின்ட் ஹெலினா தீவுக்குத் தெற்கே, யு-68 அதை மூழ்கடித்தது. அது 5,000 மீட்டருக்கும் மேலான ஆழத்தில் கிடக்கிறது; அந்த நாணயங்களையும் 2013-இல் எடுத்துவிட்டார்கள். அந்தக் கப்பலின் படகுகள் பட்ட பாடு தனியே எழுத வேண்டிய வரலாறு. கேள்விகளை அனுப்பினால் அடுத்த முறை அதை எடுத்துக்கொள்கிறேன்.