நாலரை மணிக்கு எழுவது யார்?

கேள்வி: எனக்கு வயது 52. தினமும் ஐந்து மணிக்கு ஒரு மணி நேர நடைப்பயிற்சி. சர்க்கரை, மைதா இரண்டையும் விட்டுவிட்டேன். இரவு ஏழரைக்குள் சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் படுத்துவிடுவேன். நடக்கக் கிளம்பும் முன் சீரகத் தண்ணீர், வந்ததும் சிறுதானியக் கஞ்சி. அதற்காக மனைவி நாலரைக்கே எழுந்துவிடுவாள். வேலைக்குப் போகும் மகன் இரவு பத்தரைக்கு வருவான். அவனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு அவள் படுக்கப் பதினொன்றரை ஆகும். என் தாத்தா 94 வயது வரை இருந்தார். நானும் 90-ஐத் தாண்ட இன்னும் என்னென்ன செய்ய வேண்டும்?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: பதினொன்றரையிலிருந்து நாலரை வரை எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பார்த்தீர்களா? ஐந்து. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். தொடர்ந்து அதற்குக் குறைவாகத் தூங்குகிறவர்களுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், மாரடைப்பு, பக்கவாதம் எல்லாமே வர வாய்ப்பு கூடுகிறது. நீங்கள் எந்த நோய்களுக்குப் பயந்து நடக்கிறீர்களோ, அவற்றையே உங்கள் கஞ்சி உங்கள் மனைவிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் உணவு, நடை, தூக்கம் எல்லாவற்றையும் எழுதிய நீங்கள், அவர் எப்போது சாப்பிடுகிறார் என்று ஒரு வரி எழுதவில்லை. நானே சொல்கிறேன்: மகன் சாப்பிட்டு எழுந்த பிறகு, மீந்த சோற்றையும் ஆறிப்போன குழம்பையும். எனக்கு வரும் கடிதங்களில் பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது. மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, தங்கள் வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள், ஆண்கள் 97. உங்கள் வீட்டில் அந்த 97-ஆவது தேறுமா?

உங்கள் வயதை வைத்துப் பார்த்தால் அவருக்கு ஐம்பதை ஒட்டி இருக்கும். மாதவிடாய் நிற்கும் காலம். எலும்பு வேகமாகத் தேய்வதும், இதய நோய் அபாயம் ஏறுவதும் இப்போதுதான். நடையும் வேளைக்குச் சாப்பாடும் உங்களைவிட அவருக்கு அவசரம். மனைவியின் உடம்பைக் கரைத்துத் தன் ஆயுளை நீட்டிக்கொள்ளும் ஆண் குடும்பத் தலைவனாக இருக்கத் தகுதியில்லாதவன் என்பது என் உறுதியான எண்ணம். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தாத்தாவின் 94 வயதைப் பெருமையாக எழுதினீர்கள். பாட்டி எத்தனை வயது வரை இருந்தார் என்பதையும் வீட்டில் விசாரியுங்கள்.

இன்னும் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள் அல்லவா? நாளைக் காலை கஞ்சியை நீங்கள் வையுங்கள். இரண்டு கரண்டி ராகி மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் பத்து நிமிடம் கிளறினால் போதும். சீரகத் தண்ணீருக்கு ஒருவர் விழித்திருக்க வேண்டியதே இல்லை. வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு ஜிம் தேட வேண்டாம். மாவாட்டி முடித்ததும் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுங்கள், தண்ணீர்க் குடத்தை நீங்கள் எடுத்து வையுங்கள். மகனுக்குக் கையிருக்கிறது, அவனே போட்டுச் சாப்பிடட்டும். சாப்பிட்ட தட்டையும் கழுவி வைக்கட்டும். இரவு ஏழரைக்கு நீங்கள் உட்காரும்போது மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒன்பதரைக்கு அவரும் படுக்க வேண்டும். காலை நடையை ஆறு மணிக்குத் தள்ளி, அவரையும் அழைத்துப் போங்கள்.

இந்த வாரமே அவரைப் பரிசோதனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்: ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம். 'எனக்கு ஒன்றுமில்லை' என்பார். அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். வெறும் வயிற்றில் போக வேண்டியிருக்கும் என்பதால், அன்றைய காலைச் சமையலும் உங்களுடையது.