ஆயிலில் தண்ணீர்: வாசகர் கேள்விகள்

கே: அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். ஆயில் மூடிக்குள் மோர் நிறத்தில் பசை. ஹெட்டை (இன்ஜினின் மேல் பாகம்) கழற்றணும் என்கிறார் மெக்கானிக். (கும்பகோணம்)

ப: தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்று எழுதவில்லையே! கடைக்கும் கோயிலுக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் இன்ஜின் முழுச் சூடு ஏறாது. உள்ளே சேரும் ஈரம் மூடியில்தான் படியும். டிப் ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) சுத்தமாக இருந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறையாமல் இருந்தால், மூடியைத் துடைத்துவிட்டு 40 கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓட்டிப் பாருங்கள். ஹெட் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

கே: டிப் ஸ்டிக்கிலேயே டீ நிறம். ஊர் வரைக்கும் ஓட்டிப் போகலாமா? (திண்டுக்கல்)

ப: கூடாது. ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். பேரிங்குக்குத் தேவை ஆயில், தண்ணீர் அல்ல. ராத்திரி முழுக்க வண்டியை நிற்க விடுங்கள். காலையில் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) நட்டை மெதுவாகத் தளர்த்தி, முதலில் வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் கனம், அடியில் இருந்தால் அதுதான் முன்னால் வரும். அப்புறம் வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள்.

கே: பழைய கார், ஆயிலில் தண்ணீர், என்ன செய்வது? (ஊர் எழுதவில்லை)

ப: எந்த கார்? ரேடியேட்டரில் எத்தனை நாளில் எவ்வளவு குறைகிறது? இதை எழுதாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

கே: பத்மினி கார். ஒரே வருஷத்தில் இரண்டு முறை ஹெட் பேசிங் (அடிமுகத்தைச் சீவி மட்டமாக்குவது) போட்டு, கேஸ்கட்டும் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) மாற்றியாச்சு. மறுபடி ஆயிலில் தண்ணீர். (சேலம்)

ப: இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, உங்கள் மேல் அல்ல. ஹெட் லேத்துக்குப் போனால் கேள்வியே கேட்காமல் சீவிவிடுகிறார்கள். பத்மினி ஹெட் அலுமினியம். ஒவ்வொரு முறை சீவும்போதும் உயரம் குறையும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) ஏறும், கேஸ்கட் மேல் பாரம் கூடும். விரிசல் இருந்தால் அது சீவுவதால் போகாது. என் முதல் பத்மினியை ஒரு பட்டறையில் மூன்று முறை சீவினார்கள். நான்காவது முறை வேறோர் இடத்தில் தண்ணீர் வழிகளை அடைத்து, வெந்நீர்த் தொட்டியில் முக்கி, காற்று ஏற்றினார்கள். இரண்டு வால்வ் சீட்டுக்கு (வால்வ் உட்காரும் வளையம்) நடுவில், முடி போன்ற ஒரு கோட்டிலிருந்து முத்து முத்தாகக் குமிழி கிளம்பியது. மூன்று கேஸ்கட் காசும் வீண்! அதனால் முதலில் பிரஷர் டெஸ்ட், பிறகுதான் பேசிங். தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி அலுமினியம் அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள். போர்வெல் தண்ணீர் மட்டுமே ஊற்றிய வண்டிகளில் இது சகஜம். பிளாக்கின் (ஹெட் உட்காரும் இன்ஜின் உடல்) மேல்முகத்திலும் ஸ்ட்ரெயிட் எட்ஜ் (மட்டம் பார்க்கும் நேர்ப்பட்டை) வைக்கச் சொல்லுங்கள், அதை யாரும் செய்வதில்லை. அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கே: ஸ்டாண்டர்ட் வேன்கார்ட். ஹெட், கேஸ்கட் எல்லாம் நன்றாக இருந்தும் சம்பில் தண்ணீர். (கோவை)

ப: வெட் லைனர் இன்ஜின் (தனியாகக் கழற்றக்கூடிய சிலிண்டர் குழாயை, அதாவது லைனரை, வெளியே தண்ணீர் சூழ்ந்திருக்கும்), ஃபெர்குசன் டிராக்டரின் உறவு. லைனருக்கு அடியில் ‘8’ போன்ற வடிவத்தில் ஒரு கேஸ்கட் இருக்கும், அது போயிருக்கும். புதிது போட்டபின் லைனர் பிளாக்குக்கு மேல் அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு நிற்க வேண்டும்.

கே: ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் கசிவு அடைபடுமா? (விருதுநகர்)

ப: ரேடியேட்டர்தான் அடைபடும்.

கே: வேலை முடிந்தது. ஆயிலை ஒரு தடவை மாற்றினால் போதுமா? (தஞ்சாவூர்)

ப: போதாது. கூலண்ட் (ரேடியேட்டர் திரவம்) கலந்த ஆயில் கோந்தாகி வழிகளில் ஒட்டியிருக்கும். விலை குறைந்த ஆயில் ஊற்றி, கால் மணி நேரம் ஐடிலில் ஓடவிட்டு, சூட்டோடு இறக்குங்கள். வெள்ளை நிறம் போகும்வரை, இரண்டு மூன்று முறையாவது. ஃபில்டரும் ஒவ்வொரு முறையும் புதிது. சுமார் 500 கிலோமீட்டர் ஓடியபின் இன்ஜின் ஆறியதும் ஹெட் நட்டுகளை டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி இறுக்குங்கள்.