புட்டியின் முன்பக்கம் சொல்வதும் பின்பக்கம் சொல்வதும்

முக எண்ணெய்களின் விளம்பரத்தை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ‘ஆர்கன் எண்ணெயும் விட்டமின் சி-யும் நிறைந்தது’ என்று புட்டியின் முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பின்னால் உள்ள பட்டியல் இது: கேப்ரிலிக்/கேப்ரிக் ட்ரைகிளிசரைடு, சூரியகாந்தி விதை எண்ணெய், ஐசோப்ரொப்பைல் மிரிஸ்டேட், பார்ஃபம், ஆர்கன் எண்ணெய், டோகோஃபெரில் அசிடேட், அஸ்கார்பில் பால்மிடேட், லிமோனீன், லினலூல். ‘நிறைந்தது’ என்பது உண்மையா?

இல்லை. அதைப் பட்டியலின் வரிசையே காட்டிக்கொடுக்கிறது. 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் எழுத வேண்டும்; அதற்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். பெரும்பாலான நாடுகளில் இதுதான் விதி. ஆகவே முதல் வேலை, அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிப்பது. உங்கள் பட்டியலில் ‘பார்ஃபம்’, அதாவது வாசனைக் கலவை, நல்ல அடையாளம். கழுவாமல் விடும் முகப் பூச்சுகளில் அது பெரும்பாலும் 1 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. தாண்டியிருந்தாலும் ஆர்கன் அதைவிட அதிகமாக இருக்க முடியாது. தாண்டவில்லை என்றால் ஆர்கனும் 1 சதவீதத்துக்குக் கீழேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மில்லி புட்டியில் 1 சதவீதம் என்பது 0.3 மில்லி. டிராப்பரிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறக்குறைய 0.03 மில்லி. ஆக, புட்டி முழுவதற்கும் ஆர்கன் பத்துச் சொட்டு. நீங்கள் இரவில் நான்கு சொட்டு பூசினால், அதில் ஆர்கனின் பங்கு ஒரு சொட்டில் 25-ல் ஒன்று. இதுவும் தாராளமாகப் போட்ட கணக்கு. முன்பக்கத்தில் பெயர் வர வேண்டும் என்பதற்காகவே சேர்க்கப்படும் அளவு இப்படித்தான் இருக்கும்.

விட்டமின் சி விஷயம் இன்னும் சுவாரசியமானது. ஆய்வுகளில் பெரும்பாலும் பேசப்படும் அஸ்கார்பிக் அமிலம் நீரில் கரைவது, எண்ணெயில் கரையாது. அஸ்கார்பில் பால்மிடேட் எண்ணெயோடு சேரும் என்பது சரிதான். ஆனால் பட்டியலின் வாலில் வரும்போது, எண்ணெய் கெடாமல் தடுக்கவே அதைச் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் சருமத்துக்காக இருக்க வாய்ப்பு குறைவு. எண்ணெய் வடிவில் விட்டமின் சி வேண்டும் என்றால் டெட்ராஹெக்சைல்டெசில் அஸ்கார்பேட் என்ற பெயரைத் தேடுங்கள். அது பட்டியலின் நடுவிலாவது இருக்க வேண்டும். சதவீதமும் அச்சிட்டிருந்தால் நல்லது.

விட்டமின் ஈ-யின் ஒரு வடிவமான டோகோஃபெரில் அசிடேட்டையும் கவனியுங்கள். எண்ணெய் காறிப்போவதைத் தடுப்பது வெறும் டோகோஃபெரால்தான். அசிடேட் வடிவத்தில், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் முனை அடைபட்டுக் கிடக்கிறது. சருமத்தில் அது மெல்லப் பிரிந்து வேலை செய்யலாம். புட்டிக்குள் எண்ணெயைக் காப்பாற்றாது.

கடைசியில் உள்ள லிமோனீனும் லினலூலும் வாசனைப் பொருளில் அடங்கிய, ஒவ்வாமை தரக்கூடிய சேர்மங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி கழுவாமல் விடும் பூச்சில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே இவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். இவற்றுக்கும் பின்னால் ஏதாவது ‘அபூர்வ மலர்ச் சாறு’ வந்தால், அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இதனால் இந்த எண்ணெய் மோசம் என்று ஆகிவிடாது. முதல் இரண்டும் சருமத்தை மிருதுவாக்கும் நல்ல எண்ணெய்கள். ட்ரைகிளிசரைடு இலேசானது, எளிதில் கெடாதது. ஆர்கன் எண்ணெய்க்கான விலையைக் கொடுத்து இதை வாங்கினால்தான் நஷ்டம்.

கேள்வி: ஹயலூரோனிக் அமிலம், நியாசினமைடு, குங்குமப்பூ மூன்றும் சேர்ந்த ‘100 சதவீத எண்ணெய்’ வாங்கலாமா?

மூன்றுமே நீரின் பக்கம் சாய்பவை. ஹயலூரோனிக் அமிலத்தையும் நியாசினமைடையும் எண்ணெயில் கரைக்க முடியாது. பொடியாகத் தூவி மிதக்க விடலாம், அவ்வளவுதான். குங்குமப்பூவின் நிறத்துக்குக் காரணமான குரோசின்கூட நீரில் கரைவதே. எண்ணெய் மஞ்சளாக இருந்தால் அது குரோசின்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ரோஜாக்காய் விதை எண்ணெயில் விட்டமின் சி இருப்பதாகச் சொல்வதும் இதே குழப்பம். விட்டமின் காயின் சதையில் இருக்கிறது. விதையைப் பிழிந்த எண்ணெயில் அது வராது.

பட்டியலில் ‘அக்வா’, அதாவது நீர், இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது வெறும் எண்ணெய் அல்ல, நீர் கலந்த பூச்சு. அப்போது மேலே சொன்ன பொருட்கள் வேலை செய்ய இடமுண்டு. கூடவே ஃபெனாக்சிஎத்தனால் போன்ற பதப்படுத்தியும் இருந்தாக வேண்டும். நீர் இருந்து பதப்படுத்தி இல்லை என்றால் கிருமி வளரும்.

கேள்வி: எனக்கு முகப்பரு வரும் சருமம். ‘துளை அடைக்காதது’ என்று போட்ட எண்ணெயைத் தைரியமாகப் பூசலாமா?

அந்த முத்திரைக்குப் பொதுவான கட்டாயச் சோதனை எதுவும் இல்லை. ஒரு பொருள் எவ்வளவு துளை அடைக்கும் என்று இணையத்தில் சுற்றும் 0 முதல் 5 வரையிலான மதிப்பெண்களில் பல, தனித்தனிப் பொருட்களை முயலின் காதில் தடவிப் பார்த்த பழைய சோதனைகளிலிருந்து வந்தவை. முயல் காது மனித முகத்தைவிட எளிதில் எதிர்வினை காட்டும். தவிர, தனியாக 5 வாங்கிய பொருள் 2 சதவீதக் கலவையில் ஒன்றும் செய்யாமல் போகலாம். மதிப்பெண்ணை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல. மேலே முதல் கேள்வியில் வந்த ஐசோப்ரொப்பைல் மிரிஸ்டேட் மூன்றாம் இடத்தில் இருந்தால், பரு வரும் சருமக்காரர் விலகி நிற்பது நல்லது.

எண்ணெயில் எந்தக் கொழுப்பு அமிலம் மிகுதி என்று பார்ப்பது இதைவிடப் பயனுள்ளது. ஆலிவ், மருலா, பாதாம் ஆகியவற்றில் ஒலெயிக் அமிலம் மிகுதி. ஆரோக்கியமான கைச் சருமத்தில் சில வாரம் ஆலிவ் எண்ணெய் பூசிப் பார்த்த ஆய்வில், சருமத்தின் மேல்தடுப்பு பலவீனமாகி இலேசான சிவப்பும் வந்தது. சூரியகாந்தி எண்ணெயில் அப்படி ஆகவில்லை. திராட்சை விதை, குசும்பா, ரோஜாக்காய் விதை எண்ணெய்களில் லினோலெயிக் அமிலம் அதிகம். இதிலும் ஒரு கண்ணி உண்டு. சூரியகாந்தியிலேயே ஒலெயிக் மிகுந்த ரகம் இருக்கிறது, பட்டியலில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். சந்தேகம் இருந்தால் தயாரிப்பாளரிடம் கேட்டுவிடலாம்.

லினோலெயிக் எண்ணெய் பூசினால் பரு போய்விடும் என்றும் நம்பிவிடாதீர்கள்; அதற்கான சான்று மெலிதானது. ஒரே அளவில் சிறுசிறு பருக்களாக, அரிப்போடு நெற்றியில் வந்தால் அது மலசீசியா என்ற ஈஸ்ட்டால் வருவதாக இருக்கலாம். பெரும்பாலான தாவர எண்ணெய்கள் அதற்குத் தீனி. ஸ்க்வாலேனும் மினரல் ஆயிலும் தீனி அல்ல. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புது எண்ணெய் எதுவானாலும் முன்கையின் உட்புறத்தில் ஒரே இடத்தில் நாளுக்கு இரு வேளை, 7 முதல் 10 நாள் தடவிப் பார்த்த பிறகே முகத்துக்கு. ஒரே இரவில் பார்த்துவிட்டு ‘ஒத்துக்கொண்டது’ என்று முடிவு கட்டுவதால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வாமை பல நாள் கழித்தும் தலைகாட்டும்.

கேள்வி: ‘நான்கு வாரத்தில் சுருக்கம் குறைந்ததாக 92 சதவீதம் பேர் கூறினர்’, ‘ராஸ்ப்பெர்ரி விதை எண்ணெயின் இயற்கை எஸ்.பி.எஃப்.’ — இரண்டில் எது நம்பத்தக்கது?

இரண்டாவதை உடனே ஒதுக்கிவிடுங்கள். எஸ்.பி.எஃப்., அதாவது வெயிலிலிருந்து காக்கும் திறனின் எண், அளப்பது சருமத்தின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான். அந்தக் கணக்கில் முகத்துக்கு மட்டும் ஒரு கிராமுக்கு மேல் வேண்டும். நான்கு சொட்டு எண்ணெய் அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. தாவர எண்ணெயை நம்பி சன்ஸ்கிரீனைக் கைவிடக் கூடாது.

முதல் வாசகத்தில் ‘கூறினர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது கருத்துக் கேட்பு, அளவீடு அல்ல. எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள், கருவியால் அளந்தார்களா என்று கேளுங்கள். எந்த எண்ணெயும் சருமத்தின் ஈரம் வெளியேறாமல் மூடி வைப்பதால் மெல்லிய கோடுகள் சில மணி நேரத்திலேயே மங்கித் தெரியும். 92 சதவீதம் பேர் அதைத்தான் பார்த்திருப்பார்கள். ஆழமான சுருக்கத்துக்கு விட்டமின் ஏ வகையான ரெட்டினால் மாதிரி ஒன்று வேண்டும், அதுவும் பல வாரங்களுக்கு. கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும்.

ரெட்டினாலுக்கு மாற்றாகச் சொல்லப்படும் தாவரப் பொருளான பகுச்சியோலுக்கு ஓரளவு சான்று உண்டு. 2019-ல் வெளியான 44 பேர் கொண்ட ஆய்வில் 0.5 சதவீதப் பகுச்சியோலை நாளுக்கு இரு முறை, 12 வாரம் பூசினார்கள். ரெட்டினாலுக்குச் சமமாக மெல்லிய சுருக்கம் குறைந்தது. சிறிய ஆய்வுதான். பட்டியலில் ‘பகுச்சியோல்’ என்றே இருக்க வேண்டும். ‘சொராலியா கோரிலிஃபோலியா’ விதை எண்ணெய், அதாவது நம் கார்போகரிசி எண்ணெய், வேறு. அதிலுள்ள சொராலென்கள் வெயில் பட்டால் சருமத்தைப் புண்ணாக்கும்.

கேள்வி: பாதி தீர்ந்த புட்டியில் வாசனை மாறிவிட்டது. பூசலாமா?

வேண்டாம். பழைய பெயின்ட் அல்லது மெழுகுக் கிரேயான் வாடை வந்தால் எண்ணெய் காறிவிட்டது. அதிலுள்ள பெராக்சைடுகள் சருமத்தை எரிச்சலூட்டும். லினோலெயிக் மிகுந்த எண்ணெய்கள்தான் முதலில் கெடும். திறந்த டப்பா படத்துக்குள் ‘6எம்’ என்று இருந்தால் திறந்த நாளிலிருந்து 6 மாதம். வாங்கும்போதே அடர்நிறக் கண்ணாடிப் புட்டியாகப் பாருங்கள். திறந்த தேதியை அடியில் எழுதி ஒட்டுங்கள். குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள். டிராப்பர் முனை முகத்தில் படாமல் உள்ளங்கையில் சொட்டவிட்டுப் பூசுங்கள்.