கடையை வாங்குவதா, கட்டடத்தை வாங்குவதா?

கேள்வி: நான் 1989இல் யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு வந்தவள். கடந்த 24 ஆண்டுகளாக நகர மையத்தில், மேயர் வீதிக்கு அருகே உள்ள பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், உரோம ஆடைக் கடையொன்றில் கோட்டுகளுக்கு லைனிங் தைக்கும் வேலை செய்கிறேன். முதலாளி கிரேக்கர், எழுபத்தெட்டு வயது. கட்டடமும் அவருடைய குடும்பத்துக்கே சொந்தம். அதை இப்போது விற்க முடிவுசெய்துவிட்டார். கடையின் பெயர், வாடிக்கையாளர் பட்டியல், இயந்திரங்கள், மிஞ்சியிருக்கும் கோட்டுகள் எல்லாவற்றையும் 85,000 டொலருக்கு எனக்குத் தருவதாகச் சொல்கிறார். என் கணவரோ, அந்தப் பணத்தோடு உறவினர் சிலரையும் சேர்த்துக்கொண்டு நகர மையத்தில் ஒரு பழைய கட்டடத்தை வாங்குவதுதான் புத்தி என்கிறார். எழுபது ஆண்டு நடந்த தொழிலைவிட, கவனிப்பாரற்றுக் கிடந்த கட்டடம் எப்படி அதிக விலைக்குப் போகிறது? நாங்கள் எதைச் செய்வது?
— வாசகி, மொன்றியல்

பதில்: அன்புச் சகோதரி, கடைசியில் நீங்கள் கேட்ட கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரிந்தால் மற்றதற்குப் பாதி விடை தானாகவே வந்துவிடும்.

உங்கள் முதலாளி இத்தனை ஆண்டுகளாகத் தம் கடைக்கு வாடகை கொடுத்ததில்லை. சொந்தக் கட்டடம் என்பதால் அந்தச் செலவு அவருடைய கணக்குப் புத்தகத்தில் ஏறவே இல்லை. அதே மாடியை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தால் மாதந்தோறும் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகையைக் கடையின் இலாபத்திலிருந்து கழித்துப் பாருங்கள். நகர மையத்தில் இன்னும் நடக்கும் பல பழைய உரோமக் கடைகளில் இந்தக் கழித்தலுக்குப் பிறகு எதுவும் மிஞ்சாது என்பதே என் கணிப்பு. கட்டடந்தான் இவ்வளவு காலம் கடையைச் சோறு போட்டுக் காப்பாற்றி வந்திருக்கிறது. அவர் உங்களுக்குத் தர முன்வருவது, வாடகை என்றால் என்னவென்றே அறியாமல் வளர்ந்த ஒரு கடை. அது உங்கள் கைக்கு வரும் முதல் மாதத்திலேயே வாடகை கட்ட வேண்டியிருக்கும்.

கட்டடத்தின் விலை ஏறியதற்குக் காரணம் கட்டடத்துக்கு உள்ளேயும் இருக்கிறது, வெளியேயும் இருக்கிறது. மேயர், புளூரி, சென்-அலெக்ஸாந்த் வீதிகளைச் சுற்றியிருந்த உரோமத் தொழிற்கூடங்களுக்குப் பாரம் தாங்கும் தளமும், உயரமான கூரையும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரிய ஜன்னல்களும் தேவைப்பட்டன. ஒரு கோட்டுக்கான தோல்களை நிறம் பார்த்து அடுக்குபவர் மின்விளக்கை நம்பமாட்டார்; வடக்கு ஜன்னலிலிருந்து விழும் பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்பார் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஜன்னலும் உயரமுந்தான் இன்று ஓவியக்கூடம் வைப்பவரையும் குடியிருப்பு கட்டுபவரையும் அங்கே இழுக்கின்றன. வெளியே நடந்ததோ அதைவிடப் பெரியது. 1963இல் பிளாஸ் டெ சார் அரங்கு திறந்தது. 1966இல் மெற்றோ என்ற சுரங்க ரயில் வந்தது. 2003இல் அந்தப் பகுதியை 'கார்த்தியே தே ஸ்பெக்தாக்ல்' என்ற கலை வட்டாரமாக வளர்க்கும் பணி தொடங்கி, 2009இல் விழாச் சதுக்கம் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் பல்பொருள் அங்காடியாக இருந்த புளூமென்தால் கட்டடம் அதே ஆண்டில் ஜாஸ் விழாவின் இல்லமாயிற்று. சென்-கத்தரின் வீதியில், ஆடைத் தொழிற்கூடங்கள் நிறைந்திருந்த பெல்கோ கட்டடத்தில் இன்று ஓவியக்கூடங்கள் இருக்கின்றன. இவை எதிலும் உங்கள் முதலாளியின் உழைப்பு கிடையாது. பொதுப் பணத்தில் நடந்த வேலையின் பலன் அவருடைய சுவர்களுக்கு வந்து சேர்ந்தது. அதில் அவர்மேல் குற்றமும் இல்லை.

தொழில் இறங்கிய கதையை நீங்கள் மேசைக்கு அருகிலிருந்தே பார்த்தவர் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1980களின் இறுதியில் தொடங்கிய சரிவு இது; விலங்குநல இயக்கங்களும் இறகு அடைத்த இலேசான குளிர்ச்சட்டைகளும் சேர்ந்து அதை வேகப்படுத்தின. 1837இல் கியூபெக் நகரில் தொப்பிக் கடையாகத் தொடங்கி, உரோம வணிகத்தால் வளர்ந்து, விக்டோரியா மகாராணிக்கே உரோமம் வழங்கிய ஹோல்ட் ரென்ஃபிரூ நிறுவனம், 2021இல் விலங்கு உரோம விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. அதே ஆண்டில் குளிர்ச்சட்டை நிறுவனமான கனடா கூஸும் உரோமத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. அமெரிக்காவில் மேசீஸ் பல்பொருள் அங்காடி நிறுவனம் 2019இல் அப்படியே அறிவித்தது; கலிபோர்னியாவில் 2023 முதல் புதிய உரோம ஆடைகளை விற்பதையே சட்டம் தடை செய்கிறது. ரொறன்ரோவில் இயங்கிய பெரிய தோல் ஏல நிறுவனம் 2019இல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. உரோமத்துக்காகவே 1670இல் பிறந்த ஹட்சன்ஸ் பே கம்பனி, 2025 ஜூன் முதலாம் திகதியோடு தன் கடைகள் அனைத்தையும் மூடியது. இந்தச் சரிவில் வடக்கே பொறி வைத்து வாழும் கிறீ, இனுவிட் ஆகிய பூர்வகுடி மக்களின் வருமானமும் சேர்ந்தே போனது என்பதை நம் ஏடுகள் அதிகம் எழுதவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஆனால் விற்பனை செத்தாலும் கைவேலை சாகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு தொழிற்கூடத்தில் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். முதியவர் ஒருவர் மிங்க் என்ற சிறு விலங்கின் தோலொன்றைக் கவிழ்த்துப்போட்டு, சவரக் கத்தி போன்ற ஒன்றால், விரல் நகத்தின் அகலம்கூட இல்லாத சாய்வான கீற்றுகளாக அறுத்துக்கொண்டே போனார். பிறகு ஒவ்வொரு கீற்றையும் அடுத்ததிலிருந்து சற்றே கீழிறக்கி வைத்து, படுத்த நிலையில் சுழலும் இரண்டு சிறு வட்டத் தகடுகளுக்கு இடையே செருகித் தைத்தார். மயிர் தையலில் சிக்காதபடி ஊசி முனையால் உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். குட்டையாக இருந்த தோல், முழங்கால் வரை இறங்கும் நீண்ட பட்டையாயிற்று. அதை ஈரமாக்கி, பலகையில் நூற்றுக்கணக்கான ஆணிகளால் இழுத்து அடித்து, காய விட்டார். வெளிப்பக்கம் திருப்பிக் காட்டியபோது ஒரு தையல்கூட என் கண்ணில் படவில்லை. அந்தக் கையால் தைத்த கோட்டு பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்திருக்கிறது. பேத்தி அதை அப்படியே போடமாட்டாள், எறியவும் மனம் வராது. அதைக் கையில்லா மேற்சட்டையாகவோ, துணிக் கோட்டுக்கு உள்ளே வைக்கும் கதகதப்பான லைனிங்காகவோ, போர்வையாகவோ மாற்றித் தர ஒருவர் வேண்டும். புதிதாக ஒரு விலங்கும் சாகத் தேவையில்லாத வேலை இது. உங்களுக்கு 24 ஆண்டு கைப்பழக்கம் இருக்கிறது. லைனிங்கைப் பிரித்துத் திரும்பத் தைக்கத் தெரியாதவர் இந்த வேலையைத் தொடவே முடியாது.

ஆகவே கடையை முழுதாக வாங்காதீர்கள். மிஞ்சியிருக்கும் கோட்டுகளை ஒரு டொலருக்கும் ஏற்க வேண்டாம். விற்கக்கூடியவையாக இருந்தால் அவரே விற்றிருப்பார். கடையின் பெயர் அந்த முகவரியோடும் அவருடைய முகத்தோடும் ஒட்டியது. இரண்டும் போனபின் அதற்குப் பெரிய விலை இல்லை. குளிர் அறையைப் பற்றித்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கோடை காலத்தில் அங்கே வாடிக்கையாளரின் கோட்டுகளைப் பாதுகாத்துக் கொடுப்பதால் வரும் கட்டணம் நிலையான வருமானம்போலத் தோன்றும். ஆனால் அங்கே தொங்கும் ஒவ்வொரு கோட்டும் மற்றவர் பொருள். பூச்சி அரித்தாலும் தண்ணீர் கசிந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். எத்தனை கோட்டுகளுக்கு உரியவர்கள் சென்ற ஆண்டு பணம் கட்டினார்கள், எத்தனை கோட்டுகள் ஆண்டுக்கணக்கில் கேட்பாரற்றுத் தொங்குகின்றன என்று எழுத்தில் வாங்குங்கள்.

நீங்கள் முன்வைக்கக்கூடிய பேரம் வேறு. உரோமம் தைக்கும் இயந்திரங்கள் இரண்டு, ஆணி அடிக்கும் பலகைகள், வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். பட்டியலுக்கு முன்பணம் கொடுக்காமல், அதிலிருந்து வரும் வேலையின் வருமானத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு பங்கு தருவதாகச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் உண்மையில் வருவார்கள் என்று அவர் நம்பினால் சம்மதிப்பார்; தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்குத் தகவல். இடத்துக்கு நகர மையம் வேண்டாம். ஷபனெல் வீதியின் பழைய ஆடைத் தொழிற்கூடங்களிலோ பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியிலோ ஒரு சிறு அறை போதும்; திருத்த வேலைக்கு வருபவர்கள் கண்ணாடி அலங்காரம் பார்த்து வருவதில்லை. கியூபெக்கில் வீட்டு வாடகைக்கு உள்ள கட்டுப்பாடு வணிக வாடகைக்குக் கிடையாது என்பதால், ஒப்பந்தத்தை ஐந்தாண்டுக்கேனும் எழுதி, நொத்தாரிசு மூலம் காணிப் பதிவேட்டில் பதிவுசெய்துவிடுங்கள். பதியாத நீண்ட ஒப்பந்தத்தை, கட்டடத்தை வாங்குபவர் ஒரு காலத்துக்குப் பிறகு முன்னறிவித்தல் கொடுத்து முடித்துவிடச் சட்டம் இடமளிக்கிறது.

இனி உங்கள் கணவருக்கு. பழைய கட்டடமெல்லாம் பொன்னாகும் என்ற எண்ணத்தோடு அவர் இறங்க வேண்டாம். வினிபெக் நகர மையத்தில் ஹட்சன்ஸ் பே 1926இல் திறந்த ஆறு மாடிக் கடையை அவர் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். 2019இல் அந்த மாபெரும் கட்டடத்தின் சந்தை மதிப்பு பூச்சியம் என்று மதிப்பீட்டாளர்கள் எழுதினார்கள். பாரம்பரியச் சின்னம் என்பதால் இடிக்க முடியாது. இன்றைய கட்டட விதிகளுக்குக் கொண்டுவர 100 மில்லியன் டொலருக்கும் மேல் வேண்டியிருந்தது. 2020இல் கடை மூடப்பட்டது. 2022இல் கம்பனி அதைத் தென் மனிரோபாவின் முதற்குடி மக்களுடைய தலைவர்களின் அமைப்பிடம் ஒப்படைத்தது. பதிலுக்கு அந்த அமைப்பின் தலைவர் கொடுத்தவை இரண்டு பீவர் தோல்களும் இரண்டு எல்க் தோல்களும். இங்கிலாந்து அரசர் கம்பனிக்கு நிலம் வழங்கிய 1670 சாசனத்தின்படி, அரசர் அந்நிலத்துக்கு வந்தால் கம்பனி கொடுக்க வேண்டியதாக இருந்த அதே காணிக்கை அது.

அங்கே பூச்சியம், உங்கள் வீதியில் நல்ல விலை. இரண்டும் பழைய கட்டடங்கள்தான். மெற்றோவும் அரங்கும் அருகில் இருப்பது, தளத்தை மாற்றிப் பயன்படுத்த முடிவது, திருத்தச் செலவைத் தாங்கும் வாடகை கிடைப்பது ஆகிய மூன்றும் வேறு. மேலும், மொன்றியலில் உங்கள் முதலாளியின் கட்டடத்துக்கு ஏறிய விலையை நீங்கள் முழுதாகக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஏற்றத்தை அனுபவித்தவர் அவர். 2023இல் நடைமுறைக்கு வந்த சொத்து மதிப்பீட்டுப் பட்டியலில் மொன்றியல் தீவின் மதிப்பு சராசரியாக 32 வீதத்துக்கு மேல் உயர்ந்தது. வரியும் மதிப்பீட்டுப் பட்டியலை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. உறவினர் நால்வர் சேர்ந்து வாங்கி, கூரை ஒழுகும்போது யார் பணம் போடுவது என்று பேச்சு முறிந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். இன்றைய நிலையில், 85,000 டொலரையும் உறவையும் ஒன்றாக அதில் வைக்க நான் சொல்லமாட்டேன்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை செய்த உங்களுக்கு, கடை மூடப்படும்போது எட்டு வார முன்னறிவித்தலோ அதற்கு ஈடான சம்பளமோ கிடைக்க வேண்டும் என்பது கியூபெக் தொழிற்சட்டம். கடையை அதே பெயரில் நீங்களே எடுத்து நடத்தினால் அந்தப் பேச்சே எழாது. எனவே இயந்திரங்களைப் பற்றிப் பேச உட்காரும் முன், வேலை முடியும் திகதியை முதலாளியிடம் கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.