படம் உயரத்தில் குறுகுகிறதா? டிவியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் அப்பிச்சி வாங்கிய 20 அங்குல கறுப்பு வெள்ளை டிவி இன்னும் வீட்டில் இருக்கிறது. இப்போது போட்டதும் படம் மேலும் கீழும் குறுகிப் பட்டையாகத் தெரிகிறது. அகலம் சரியாக இருக்கிறது. மேல் விளிம்பில் படம் மடிந்து வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. பத்து நிமிடம் ஓடினால் கொஞ்சம் விரிகிறது. மெக்கானிக் ஒருவர் பிக்சர் ட்யூப், இ.எச்.டி இரண்டும் போய்விட்டது, பழசுக்கு நானே ஒரு விலை போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கெபாசிட்டர் மாற்றினாலே சரியாகும் என்று வீடியோவில் பார்த்தேன். நானே மாற்றலாமா?
– வாசகர் ஒருவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில், டிவியை அவரிடம் கொடுத்துவிடாதீங்க. நீங்கள் எழுதியதை வைத்தே சொல்லலாம், ட்யூபும், அதற்கு ஆயிரக்கணக்கில் வோல்ட் கொடுக்கும் பகுதியான இ.எச்.டி.யும் வேலை செய்கின்றன. இ.எச்.டி போயிருந்தால் திரையில் வெளிச்சமே வராது. ட்யூப் தளர்ந்திருந்தால் படம் மங்கும், முகமெல்லாம் வெளுத்துப் பூசினாற்போல இருக்கும், உயரம் குறையாது. உங்கள் டிவியில் உயரம் மட்டும்தான் குறைகிறது. கோளாறு, படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் பகுதியில். அதுவும் சூடேறினால் விரிகிறது என்கிறீர்களே, காய்ந்துபோன கண்டன்சர் (நீங்கள் சொல்லும் கெபாசிட்டர்தான்) அப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சருக்குள் ஈரம் உண்டு. வருடக்கணக்கில் சூட்டிலேயே நின்றால் அடியிலுள்ள ரப்பர் அடைப்பு வழியாக அந்த ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். அதனால் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கை ஒட்டி நிற்பவைதான் முதலில் போகும். பிளாஸ்டிக் உறை சுருங்கி அலுமினியம் வெளியே தெரியும், காலடியில் பச்சை பூத்திருக்கும். ஒழுகியதாக இருந்தால் சோல்டரிங் அயர்ன் வைத்ததும் மீன் வாடை அடிக்கும். வெளியே ஒன்றுமே தெரியாமல் செத்துக்கிடப்பதும் உண்டு. சாதா மீட்டரில் மைக்ரோஃபாரட் (கண்டன்சரின் கொள்ளளவு) சரியாகவே காட்டும், ஆனால் உள்தடை ஏறியிருக்கும். அதைப் பார்க்க இ.எஸ்.ஆர் மீட்டர் வேண்டும். அந்த மீட்டர் இல்லாதவர் கண்டன்சர் எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு நேராக ட்யூபின்மேல் பழியைப் போடுவார்.

மாற்ற வேண்டியது வெர்டிகல் அவுட்புட்டைச் சுற்றியுள்ள நாலைந்துதான். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது கூடுதல், 105 டிகிரி ரகம், மைனஸ் பட்டை பழையது இருந்த பக்கமே. அதற்கு முன் அந்த இடத்தில் பிடிப்பு விட்ட ஈயப் பற்றுகளை (ட்ரை சோல்டர்) எல்லாம் ஒருமுறை உருக்கிவிடச் சொல்லுங்கள். பாதி வியாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

நீங்களே செய்யலாமா என்றால், கூடாது. வீடியோக்காரர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய ஃபில்டர் கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ட்யூபின் பக்கத்தில் ரப்பர் தொப்பி போட்ட இடத்தில் கறுப்பு வெள்ளை டிவியிலேயே 10,000 வோல்ட்டுக்கு மேல் உண்டு, கலர் டிவியில் 20,000 தாண்டும். அந்த மின்சாரம் நாள்கணக்கில் தங்கும். பல செட்டுகளில் உள்ளே இருக்கும் உலோகச் சட்டமான சேசிஸே கரண்ட் லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கும். பம்பு செட் மோட்டார் கழற்றிப் பழக்கம் இருக்கிறது என்ற தைரியத்தில் இதில் கைவைக்காதீர்கள். வேலை தெரிந்தவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, உங்கள் கண்முன்னால் மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய கண்டன்சர்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

உதிரிபாகம் வாங்குவதிலும் ஏமாற்று நடக்கிறது. உடைத்த போர்டுகளில் இருந்து பிடுங்கி, கால் நீட்டி, புது உறை மாட்டியவை விற்பனைக்கு வருகின்றன. சின்னக் கண்டன்சரைப் பெரிய டப்பாவுக்குள் வைத்து 1000 மைக்ரோ என்று அச்சடிப்பதும் உண்டு. கையில் எடுத்தால் எடையே இருக்காது, காலில் பழைய ஈயத்தின் தடம் தெரியும். இன்னொரு கூட்டம் 'ஒரிஜினல் பழைய ஸ்டாக்' என்று பெருமையாகக் கொடுக்கும். அலமாரியில் இருபது வருடம் கிடந்ததும் கெட்டுப்போகக்கூடிய சரக்குதான். பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள், பத்து இருபது ரூபாய்ப் பொருள்.

எல்லாவற்றிலும் மோசம் அந்தச் சிவப்புப் பாதரசக் கதை. பழைய டிவிக்குள் லட்சக்கணக்கில் விலைபோகும் பாதரசம் இருக்கிறது என்று ஊர் ஊராகத் தரகர்கள் சுற்றுகிறார்கள். பிக்சர் ட்யூபுக்குள் அப்படி எதுவும் கிடையாது. முன்பணம் கேட்டால் துரத்திவிடுங்கள்.

இ-வேஸ்ட் சட்டம் 2012 மே மாதமே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தியூரிலோ காங்கேயத்திலோ இருப்பவர் தன் செட்டை எங்கே ஒப்படைப்பது என்று சொல்ல ஆளில்லை. காயலான் கடையில், ட்யூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் யோக் காயிலின் செம்புக்காகக் கழுத்தை உடைத்து, ஈயம் கலந்த கண்ணாடியை ஓடைக்கரையில் கொட்டுகிறார்கள். அந்தக் காலத்து டிவிகள் பலவற்றோடு சர்க்யூட் படமே வரும். இன்று கம்பெனியைக் கேட்டால் போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். சரிசெய்து வைத்திருப்பவனுக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை!

சரி, ஒரே ஒரு கண்டன்சரைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். படத்தை அகலவாக்கில் விரிக்கும் ஹாரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில், கலர் செட்டுகளில் 1600 அல்லது 2000 வோல்ட் என்று போட்ட ஒன்று இருக்கும். கறுப்பு வெள்ளையில் வோல்ட் குறைவாக இருக்கும், வேலை அதேதான். மைக்ரோஃபாரட் துளிகூட மாறக்கூடாது, ரகமும் பாலிப்ரொப்பிலீனாகவே இருக்க வேண்டும். அளவு குறைந்தால் இ.எச்.டி எகிறும். டிரான்சிஸ்டர் வெடிக்கும், ட்யூபின் கழுத்துக்குள் பொறி பறக்கும், எக்ஸ்ரேயும் கூடும். படம் வந்துவிட்டதே என்று யாரும் சோதிக்க மாட்டார்கள். உங்கள் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'எதுக்கும் அதையும் மாத்திடலாம்' என்று மெக்கானிக் சொன்னால் தொடவிடாதீர்கள். ஃபுல் கிட் என்று பை நிறைய வாங்கி வந்து எல்லாவற்றையும் மாற்றுகிறவர் கையில் இதுதான் முதலில் மாட்டும்.

கண்டன்சரை மாற்றும்வரை டிவியை ஓட்டாமல் வையுங்கள். படம் ஒற்றைக் கோடாகச் சுருங்கினால் உடனே அணைத்துவிடுங்கள். அந்த வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றால் திரையில் தழும்பு விழும், அதற்கு மருந்தில்லை. கண்டன்சர் மாற்றியதும் படம் திரையைத் தாண்டி நீண்டால் பயப்படாதீர்கள். முன்பு யாரோ குறையை மறைக்க படத்தின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகான ஹைட் பிரிசெட்டைத் திருகி வைத்திருப்பார்கள், அதைத் திருப்பினால் போதும். அப்புறம், ஆன்டெனாவில் இனி ஒன்றும் வராது. செட்-டாப் பாக்ஸை மாட்ட உங்கள் டிவியில் ஏவி துளை இல்லையென்றால், பாக்ஸின் படத்தை ஆன்டெனா துளை வழியாகக் கொடுக்கும் ஆர்.எஃப் மாடுலேட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.