கூடம் கோணல்தான், கண்ணு

அன்புள்ள அம்மா,

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அப்பா தறி நெய்கிறவர். அக்காவுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று ஒட்டுத்துணியில் ஒரு குவில்ட் கையாலேயே தைக்கிறேன். அடித்துணிக்குப் புது பெட்ஷீட். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடும்போதுதான் பிரச்சினை. பள்ளியில் பூத்தையலுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி வளையத்தில் நன்றாக இறுக்கித்தான் தைக்கிறேன், அங்குலத்துக்கு மூன்று தையல்தான் விழுகிறது. ஒன்று நெல் அளவு, ஒன்று கடுகு அளவு. பின்பக்கம் பாதி விழவே இல்லை. வீடியோக்களில் அங்குலத்துக்குப் பத்து என்கிறார்கள். சின்ன ஊசி நல்லது என்று 12ஆம் நம்பர் வாங்கினேன், இரண்டு வளைந்துவிட்டன. விரலெல்லாம் புண். ஊசியைத் தள்ள விரலில் மாட்டுகிற திம்பிள் அவசியமா? பஞ்சு காட்டனா, பாலியஸ்டரா? நூல் என்ன நிறம்? என் அத்தை, "உங்க அம்மாயி ஒரே ஊசியில வீட்டுக்கே போர்வை தைச்சாங்க, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்கிறார். அவர் சொல்வது சரிதானோ?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தப் பழமொழியோடு எனக்கு நாற்பது வருடப் பகை. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் என்ன செய்வது? ஆடுகிறவளைப் பார்த்துச் சிரிப்பதோடு கதை முடிந்துவிடுகிறது, ஒரு ஆளாவது குனிந்து தரையைப் பார்த்ததாக அதில் இல்லை.

உன் கூடம் கோணல்தான், கண்ணு. ஆனால் அதில் பாதிக் கோணல் நீயே செய்தது, அதற்குத் திட்டிவிடுகிறேன். தறிக்காரர் மகள், புதுத் துணியை அலசாமல் தைக்க உட்காரலாமா? பாவுக்குக் கஞ்சி போடுவதைப் பார்க்காமலா வளர்ந்தாய்? தறியில் உரசி இழை அறுந்துவிடக் கூடாது என்று போடுகிற கஞ்சி அது, கடைத்துணியிலும் மிச்சம் இருக்கும், ஊசி அதை முட்டிக்கொண்டுதான் போகவேண்டும். போதாததற்கு அடியில் பெட்ஷீட். நெருக்க நெய்த துணி, இழைக்கும் இழைக்கும் நடுவில் ஊசிக்கு வழியே கிடையாது. தைத்தவரைக்கும் பிரி. மனசு கேட்காது, தெரியும், பிரி. கொஞ்சம் இளக்கமாக நெய்த சாதாரணக் காட்டன் துணி வாங்கி, வெந்நீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்துவிட்டு அப்புறம் ஆரம்பி.

உன் அம்மாயி தைத்தது எந்தத் துணி? நூறு தடவை துவைத்த நூல்சேலையாகத்தான் இருக்கும். கஞ்சி போய், சாயம் போய், கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு விழும். நடுவில் பஞ்சும் இருந்திருக்காது, சேலைக்கு மேல் சேலை. வங்காளத்துக் காந்தாவும் இப்படித்தான், பழைய சேலைகளை அடுக்கி, சேலைக்கரையில் உருவிய நூலாலேயே தைப்பார்கள். அந்தத் துணிக்குள் ஊசி தானாக ஓடும். புது பெட்ஷீட்டையும் பஞ்சையும் வைத்துக்கொண்டு அம்மாயியோடு உன்னை ஒப்பிட்டால் அது நியாயமே இல்லை.

ஊசிக்கு நம்பர் கூடக்கூட ஊசி சின்னதாகும். குவில்ட்டுக்கென்றே குட்டையாக, உறுதியாக ‘பிட்வீன்ஸ்’ என்று ஒரு ஊசி வருகிறது, அதில் 8 அல்லது 9 எடு. கை படிந்தபிறகு 10க்குப் போகலாம். வளையத்தை இளக்கு. பூத்தையலுக்குத்தான் தம்பட்டம் மாதிரி விறைப்பு வேண்டும். இதற்கு, அடியிலிருந்து விரலால் முட்டினால் துணி சின்ன மேடாக எழும்ப வேண்டும். அங்குலத்துக்குப் பத்து என்ற கணக்கை மறந்துவிடு. ஐந்தோ ஆறோ, ஒரே அளவாக வரட்டும்.

இப்போது திம்பிள். "அவசியமா" என்று நீ கேட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

என் அம்மாயி ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சுமார் 1,500 மீட்டர் உயரம், பழம் பறிக்கிற மாதங்களும் குளிர் மாதங்களும் அங்கே ஒன்றுதான். பகலெல்லாம் செடியில் கை, ராத்திரி லைன் வீட்டில் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு போர்வை தைப்பார். எட்டுப் பேருக்கு. மேட்டு மூடுபனியில் ஊசி துருப்பிடிக்கும் என்று, தலைவாரும்போது உதிர்கிற முடியைச் சேர்த்துத் துணியில் பொதிந்து அதில் குத்திவைப்பார், முடியின் எண்ணெய் ஊசிக்கு ஏறும். அவ்வளவு யோசனை உள்ள மனுஷி. சந்தைப்பக்கம் ஒரு தையல்காரர் விரலில் மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, சேலத்துக்கு இறங்குகிற தாத்தாவிடம் "விரல்தொப்பி ஒண்ணு வாங்கியாங்க" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். தாத்தா நாலு பேர் முன்னால் அந்தப் பழமொழியைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எட்டு வயது.

அப்புறம் அவர் கேட்கவே இல்லை. பழைய செருப்புத் தோலில் ஒரு துண்டு வெட்டி விரலில் கட்டிக்கொண்டார், அது நழுவும், ஊசியின் காது சதைக்குள் ஏறும், வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறுபடி தைப்பார். என் முதல் சம்பளத்தில் சேலம் முதல் அக்ரகாரத்துக் கடையில் ஒரு திம்பிள் வாங்கி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடுவிரல் மூட்டு வீங்கிப்போயிருந்தது. நுழையவில்லை. சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரலால் ஊசியைத் தள்ள முடியாது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் யாராவது "அந்தக் காலத்தில் வெறுங்கையால் தைத்தார்கள்" என்று பெருமையாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். வெறுங்கையால் தைக்க அவர்கள் ஆசைப்படவில்லை. உன் அப்பாவைக் கேட்டுப் பார். ஊடைநூலைச் சுமந்து ஓடுகிற நாடாவின் முனை சிலும்பியிருந்தால் தேய்த்துச் சரிசெய்யாமல் தறியில் உட்காருவாரா? கையால் நாடா வீசியவர்களுக்கு 1733இல் ஜான் கே என்ற இங்கிலாந்துக்காரர் கயிற்றை இழுத்தால் ஓடுகிற நாடாவைக் கொண்டுவந்தார். அதை எடுத்துக்கொண்ட நெசவாளியைப் பார்த்து, உனக்கு நெய்யத் தெரியவில்லை என்று நாம் சொல்வதில்லையே. ஜப்பானில் சஷிகோ என்கிற ஓட்டுத்தையல் தைக்கிறவர்கள் நீள ஊசியைத் தள்ள உள்ளங்கையில் ஒரு தகடே மாட்டிக்கொள்கிறார்கள். நம் வீட்டில் ராத்திரி உட்கார்ந்து தைக்கிற பெண்ணுக்கு மட்டும் கருவி கேட்டால் கேலியா? உன் அத்தையோடு சண்டைக்குப் போகாதே. அம்மாயியின் விரலைப் பிடித்துப் பார்த்திருக்கிறாரா என்று மட்டும் கேள்.

திம்பிளை ஊசி பிடிக்கிற கையின் நடுவிரலில் மாட்டு. கையைத் தொங்கவிட்டு உதறினால் விழக் கூடாது, விரல் நுனி வெளுக்கவும் கூடாது. குழி ஆழமாக இருப்பதாகப் பார்த்து வாங்கு, ஊசியின் காதுப்பக்கம் அந்தக் குழியில்தான் உட்காரவேண்டும். ஊசியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துத் தள்ளுகிறாய், அதனால்தான் நெல்லும் கடுகும். கிள்ளாதே. திம்பிளால் ஊசியைச் செங்குத்தாக நிறுத்தி இறக்கு, சாய்த்து இறக்கினால் அடித்துணியைத் தொடாமலே மேலே வந்துவிடும், பின்பக்கம் உனக்குத் தையல் விழாததும் அதனால்தான். அடியில் இருக்கிற விரலில் முனை பட்டதும் அந்த விரலால் துணியை மேலே முட்டு, மேலே பெருவிரலால் ஊசிக்கு முன்னால் துணியை அமுக்கு, திம்பிளால் ஊசியைப் படுக்கவைத்துத் தள்ளு. முனை துளி தெரிந்ததும் நிறுத்தி மறுபடி நிமிர்த்து. தொட்டில் ஆடுகிற மாதிரி மூன்று நாலு தையல் ஊசியில் ஏறியபிறகு ஒரே இழுப்பாக இழு. முதல் ஒரு வாரம் விரல் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும், கழற்றி எறியத் தோன்றும். எறியாதே. தினமும் அரைமணி நேரம், வேண்டாத துணியில், வெறும் நேர்கோடு போடு.

நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், முறுக்கிக்கொள்ளும். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொள். பஞ்சு எதுவானாலும் சரி, மெல்லியதாக இருக்கட்டும், சேலத்து வெயிலில் பிறக்கிற குழந்தை.

நிறம் கேட்டிருந்தாய், மறந்தே போனேன். துணியோடு ஒட்டிய நிறமாக எடு, முதல் குவில்ட்டில் தப்பு கண்ணில் படாது. அக்காவுக்கு எத்தனையாவது மாதம் என்று நீ எழுதவே இல்லை. ஆறோ ஏழோ என்றால் நேரம் இருக்கிறது. பிரி.